துணைவேந்தர் சண்டையில் கல்லூரி ஆசிரியர் எங்கே இருக்கிறார்?

பேட்டை வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

உயர்கல்வி என்று பேச்செடுத்தாலே நம்ம பக்கம் இப்போது இரண்டே அணிதான். துணைவேந்தரை ஆளுநர் நியமிக்கணும் என்பது ஓர் அணி, மாநில அரசு நியமிக்கணும் என்பது இன்னோர் அணி. ஜங்ஷன் டீக்கடையிலும் இதுதான் பேச்சு, ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதுதான். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநிலச் சட்டத்தில் பிறந்து மாநிலப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு மாநிலமே பொறுப்பு. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனதை இன்றும் தவறு என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்தச் சண்டையில் வகுப்பில் நின்று பாடம் எடுக்கிறவருக்கு என்ன இடம் என்று இரண்டு அணியும் கேட்பதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

தேடல் குழுவையே எடுத்துக்கொள்வோம். சென்னை, மதுரை காமராசர் போன்ற பல்கலைக்கழகங்களின் பழைய சட்டப்படி துணைவேந்தர் தேடல் குழுவில் மூன்று பேர். ஒருவர் செனட் (பேரவை) அனுப்பியவர், ஒருவர் சிண்டிகேட் (ஆட்சிக் குழு) அனுப்பியவர், ஒருவர் வேந்தரான ஆளுநர் அனுப்பியவர். மூன்றில் இரண்டு பேர் பல்கலைக்கழகத்தின் சொந்த அவைகளிலிருந்து வந்தவர்கள். 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி, தேடல் குழுவில் யுஜிசியின் ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரி 6 அன்று வெளியிட்ட வரைவு இன்னும் ஒரு படி போனது. வேந்தரின் ஆள், யுஜிசி தலைவரின் ஆள், செனட் அல்லது சிண்டிகேட் சார்பில் ஒரே ஒருவர். பேராசிரியராக இல்லாமல் தொழில்துறை, பொது நிர்வாகம் என்று வேறு துறையில் பத்தாண்டு மூத்த பதவியில் இருந்தவரும் துணைவேந்தராகலாம் என்றும் சேர்த்தார்கள். சட்டமன்றம் ஜனவரி 9ஆம் தேதியே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. சரியான தீர்மானம்.

அதே சமயம் 2022 ஏப்ரலில் மாநிலம் கொண்டுவந்த மசோதாவையும் எடுத்துப் படியுங்கள். நியமிக்கும் இடத்தில் வேந்தர் இருந்தார், அந்த இடத்தில் அரசு என்று மாற்றினார்கள். அவ்வளவுதான். ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, மே 21 அன்று உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஆசிரியர் பிரதிநிதியின் எண்ணிக்கையைக் கூட்டலாமா, தேடல் குழு பரிசீலித்த பெயர்களைச் செனட்டில் வைக்கலாமா என்று ஒரு வரி எங்கும் இல்லை.

சண்டை நீண்டபோது நடந்ததையும் பாருங்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் துணைவேந்தர் பதவி காலியாகி, உயர்கல்விச் செயலர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழு கோப்பில் கையெழுத்திடும் நிலை வந்தது. கல்வியைப் பற்றிய முடிவை எடுக்கும் மேசையின் தலைமையில் கல்வியாளர் இல்லை. ஆளுநர் பக்கத்துக்கும் அரசு பக்கத்துக்கும் அதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக எல்லைக்குள் வேலை பார்த்தவர்கள், பார்ப்பவர்கள் எழுதுங்கள். உங்கள் சொல் எந்த அவையில் எடுபடுகிறது? எந்த ஆண்டிலிருந்து எடுபடாமல் போனது?


அபிசேகப்பட்டி ஆய்வாளர்

ஐயா, நல்ல இழை. நான் துணைவேந்தர் உயரத்துக்குப் போகவில்லை, கைடு (ஆய்வு வழிகாட்டி) உயரத்திலேயே நிற்கிறேன்.

முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் படிப்பான எம்.ஃபில். இருந்தவரை நம்ம மாவட்டத்துச் சின்னக் கல்லூரி ஆசிரியருக்கும் ஆய்வில் ஒரு பிடி இருந்தது. சங்கரன்கோவிலிலோ திருச்செந்தூரிலோ இருக்கும் கல்லூரியில் ஒரு தமிழ்த்துறை, ஒரு வரலாற்றுத்துறை, வருடத்துக்கு நாலைந்து எம்.ஃபில். மாணவர்கள். தலைப்பை ஆசிரியரே முடிவு பண்ணுவார். ஊர்க்கோயில் கல்வெட்டு, தேரிக்காட்டுப் பனைத்தொழில், பாபநாசம் மில் தொழிலாளர் என்று உள்ளூர் விஷயங்கள் அப்படித்தான் ஏட்டில் ஏறின. 2022 நவம்பரில் வந்த யுஜிசி முனைவர் பட்ட விதிகள் எம்.ஃபில். இனி நடத்தக்கூடாது என்று சொல்லிவிட்டன. தரம் குறைந்த ஆய்வேடுகள் வந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சிறிய கல்லூரிகளில் அந்தப் படிப்போடு ஆய்வுத்துறை என்ற பேரும் போகிறது, ஆசிரியருக்கு வேறு பல்கலைக்கழகத்தோடு இருந்த தொடர்பும் போகிறது. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியாள் வருவதுகூட ஒரு அறிவுத் தொடர்புதான் சார்.

இன்னொன்று புள்ளிக் கணக்கு. 2010 யுஜிசி விதிகளில் ஏபிஐ என்ற ஆசிரியர் மதிப்பீட்டுப் புள்ளி முறை வந்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை. காசு வாங்கிக்கொண்டு அச்சடிக்கும் இதழ்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. அதை அடக்க ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் போட்டார்கள், 2019இல் கேர் என்ற பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டுவிட்டு அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஒரு கட்டுரை நல்லதா என்று அந்தத் துறை ஆட்கள் படித்துச் சொல்வதுதான் உலகத்து நடைமுறை. அந்தத் தீர்ப்பை ஆசிரியர் கையிலிருந்து எடுத்து அட்டவணைக்குக் கொடுத்தார்கள். பதினைந்து வருடம் கழித்து அட்டவணையை எடுத்துக்கொண்டு தீர்ப்பைத் திருப்பிக் கொடுத்தால், அதற்குள் படித்துச் சொல்லும் பழக்கமே துறைகளில் அற்றுப்போயிருக்கிறது.

பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். ‘ஆராய்ச்சி’ என்று ஓர் இதழையும் நடத்தினார். கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் அங்கே கட்டுரை வாசித்து, நேருக்கு நேர் கேள்வி வாங்கி, திருத்தி எழுதினார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்த இதழ் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.


கொக்கிரகுளம் வியாபாரி

அண்ணாச்சி, கோவப்படாதீய. எம் பிள்ளைகள் ரெண்டு பேரும் நம்ம ஊரு காலேஜுலதான் படிச்சாவ. படிக்க வச்ச தகப்பனா கேக்கேன்.

ஆசிரியர் சொல் எடுபட்ட காலம்னு சொல்லுதீயளே, அந்தக் காலத்துல அந்தச் சொல்லை வச்சு என்ன பண்ணுனீய? ஒரே பாடத்திட்டம் பத்து வருசம் ஓடுச்சு. கேள்வித்தாளு லேட்டு, ரிசல்ட்டு லேட்டு, மறுகூட்டலுக்குப் பணம் கட்டிட்டு அலைஞ்சது நாங்கதான். வேலைக்கு ஆள் எடுக்கையில சாதியும் பணமும் பேசுன கதை இந்த ஊருல யாருக்குத் தெரியாது? பாடத்திட்டப் போர்டுல இருக்கவரு எழுதுன புத்தகமே பாடமா வரும், நாங்க ஏன்னு கேக்காம வாங்கணும்.

காலேஜுத் தரம் பாக்குற நாக் (NAAC) குழு வந்தபொறவுதான் லேபுல சாமான் வந்துச்சு. அரசோட நான் முதல்வன் பயிற்சித் திட்டம் வந்தபொறவுதான் வேலைக்கு ஆவுற நாலு விசயம் சொல்லிக்குடுத்தாவ. வெளிய இருந்து ஒருத்தன் தட்டிக்கேட்டாத்தான் நடக்கும்னா, தட்டிக்கேக்கட்டுமே. ஆசிரியருக்கு அதிகாரம் வேணும்னா அது மாணவனுக்கு எப்படி நல்லதுன்னு முதல்ல சொல்லணும்.


பேட்டை வாத்தியார்

கோபம் எதற்கு தம்பி, நீங்கள் கேட்டது முறையான கேள்வி. நியமனங்களில் நடந்த அநியாயத்தை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பணம் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். உதவிபெறும் கல்லூரியில் நியமனம் செய்வது நிர்வாகம். பல்கலைக்கழகத்தில் நியமனத்தைக் கையில் வைத்திருப்பது துணைவேந்தரும் சிண்டிகேட்டும். சிண்டிகேட்டில் பதவிவழியில் அரசு அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். சாதாரண உதவிப் பேராசிரியரின் குரல் அந்த மேசையில் எடுபடுவது அபூர்வம். அதிகாரம் குவிந்த இடத்தில்தான் பணம் பேசியது.

அரசு சீர்திருத்தம் என்றாலே ஆசிரியருக்கு எதிர் என்றும் நான் சொல்லவில்லை. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல் வந்தது. அதற்கு முன்னால் ஒரு தாளாளர் நினைத்தால் ஓர் ஆசிரியரைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தச் சட்டம் வந்தபிறகு நீக்குவதற்கு அரசு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். வேலை பத்திரம் என்ற தைரியம் வந்தபிறகுதான் துறைக்கூட்டத்தில் ‘இது சரியில்லை’ என்று சொல்லும் வாய் வந்தது. எங்கள் தலைமுறை பேசியதெல்லாம் அந்தச் சட்டத்தின் பலத்தில்தான். ஆகவே என் கேள்வி, சீர்திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்பது அல்ல. எந்தச் சீர்திருத்தம் ஆசிரியரைப் பேச வைக்கிறது, எது வாயை அடைக்கிறது என்பதுதான்.


கடையம் தமிழ்

எல்லாருக்கும் வணக்கம். அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் ‘ஆசிரியர்’ என்று எழுதும்போது அதில் நான் இருக்கிறேனா என்று தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன், தகுதித் தேர்வும் தேறியிருக்கிறேன். நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே வகுப்புகளைத்தான் எடுக்கிறேன், அதே விடைத்தாளைத்தான் திருத்துகிறேன். மாதத் தொகுப்பூதியம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. மாநிலம் முழுக்க அரசு கலைக் கல்லூரிகளில் எங்களைப்போல ஏழாயிரம் பேருக்கு மேல் இருக்கிறோம். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், தள்ளிப்போனது.

சம்பளக் குறையைச் சொல்ல நான் வரவில்லை. செல்வாக்கு பற்றித்தானே பேச்சு? துறைக்கூட்டத்தில் என்னை உட்காரச் சொல்வார்கள், தலைவர் நல்ல மனிதர். ஆனால் குறிப்பேட்டில் என் பேர் வராது. பாடத்திட்டக் குழுவுக்கு எங்களைக் கூப்பிட்டதில்லை. ஜூன் மாதம் மறுபடி எடுப்பார்களா என்ற கேள்வி மேலே தொங்கும்போது எதற்கு எதிர்ப்புத் தெரிவிக்க முடியும், சொல்லுங்கள்? பாதிக்கு மேல் கௌரவ விரிவுரையாளர்களாக இருக்கும் ஒரு துறையில் நிரந்தரமானவர் இரண்டே பேர் என்றால், அந்த இரண்டு பேர்தான் ‘ஆசிரியர் கருத்து’. அவர்களுக்கும் நாக் வேலை, யூமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, புதுமைப்பெண் உதவித்தொகைப் பட்டியல் சரிபார்ப்பு என்று நாள் போய்விடுகிறது. யோசிக்க நேரம் இல்லாதவரிடம் கருத்து மட்டும் எங்கிருந்து வரும்?

துணைவேந்தரை யார் நியமித்தாலும் என் வகுப்பில் எதுவும் மாறாது. நிரந்தரப் பணியிடம் நிரம்பினால் எல்லாம் மாறும்.


அபிசேகப்பட்டி ஆய்வாளர்

அக்கா எழுதியதுதான் இந்த இழையின் மையம் என்று எனக்குப் படுகிறது. அவைகளில் இத்தனை இடம் ஆசிரியருக்கு என்று சட்டத்தில் இருந்தாலும், அந்த இடத்தில் உட்காரும் தகுதியுள்ள ஆட்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போனால் சட்டத்தைத் திருத்தவே தேவையில்லை. தானாகக் காலியாகிவிடும்.


சவேரியார் பழைய மாணவி

பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்து நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்ததுதான் தன்னாட்சி. தமிழ்நாட்டில் 1978இல் சில கல்லூரிகளுக்குக் கிடைத்தது. நெல்லைப் பக்கமும் பிறகு வந்தது. என்னைப் பொறுத்தவரை ஆசிரியர் கைக்கு உண்மையான அதிகாரத்தைக் கொடுத்த சீர்திருத்தம் இது ஒன்றுதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், யுஜிசியின் தன்னாட்சி விதிகளின்படி பாடத்திட்டக் குழுவுக்குத் துறைத் தலைவரே தலைவர். துறையின் ஆசிரியர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். வெளியிலிருந்து பாட வல்லுநர்கள் இரண்டு பேர், துணைவேந்தர் அனுப்பும் ஒருவர், தொழில் துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர். அதற்கு மேலே உள்ள கல்விக் குழுவிலும் எல்லாத் துறைத் தலைவர்களும் உண்டு. பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஒரு தனிப் படிப்பாகவும் ஆய்வு மையமாகவும் வளர்ந்தது இப்படித்தான். பேராசிரியர் தே. லூர்து போன்றவர்கள் வில்லுப்பாட்டையும் பழமொழியையும் கணியான் கூத்தையும் வகுப்பறைப் பாடமாக்கினார்கள். சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ ஒரு சர்க்குலர் அதைக் கொண்டுவந்திருக்காது. அந்த மண்ணில் அலைந்த ஆசிரியருக்குத்தான் அது தோன்றும்.

2023இல் மாநில உயர்கல்வி மன்றம் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே மாதிரிப் பாடத்திட்டம் என்று கொண்டுவந்தபோது நான் பயந்தது இதற்குத்தான். 75 விழுக்காடு அவர்களுடையது, 25 விழுக்காட்டில் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு மாணவி நடுவில் கல்லூரி மாறினால் சிரமம் இல்லை, வேலைக்குப் போகும்போது பட்டம் இணையானதா என்ற கேள்வி வராது என்ற காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் புதிய பாடத்தை உருவாக்கும் இடம் கால்வாசியாகச் சுருங்கினால் அடுத்த நாட்டார் வழக்காற்றியல் எங்கே பிறக்கும்? ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன, ஆளுநர் வேறு காரணத்துக்காகத் துணைவேந்தர்களிடம் இது கட்டாயமில்லை என்றார், கடைசியில் தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் விருப்பப்படி செய்யலாம் என்று அமைச்சர் இறங்கி வந்தார். வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது ஆளுநர் அரசு சண்டையில் இன்னொரு நாள். வகுப்பில் இருந்தவர்களுக்கு என்ன சொல்லித்தரலாம் என்ற கேள்வி.

நான் முதல்வன் பற்றிக் கொக்கிரகுளத்து அண்ணாச்சி சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மொழிப் பயிற்சியும் கணினிப் பயிற்சியும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டும்தான். ஆனால் மதிப்பெண்ணோடு பாடத்திட்டத்துக்குள் ஒரு தாள் நுழையும்போது அதை வடிவமைத்தவர் வெளியே, நடத்துகிறவர் வெளியே, துறை ஆசிரியர் வருகைப்பதிவு மட்டும் எடுக்கிறார் என்ற நிலை நல்லதில்லை.


அம்பைக்காரன், ஆர்ஹுஸ்

அம்பாசமுத்திரத்தில் பிறந்து டென்மார்க்கில் பல்கலைக்கழக வேலை பார்க்கிறேன். இங்கே நடந்ததைச் சொன்னால் உங்கள் பேச்சுக்கு உதவும்.

1970க்குப் பிறகு இங்கே பல்கலைக்கழகத் தலைவரைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1973 சட்டப்படி அவைகளில் பாதி ஆசிரியர்கள், கால் பங்கு பிற ஊழியர்கள், கால் பங்கு மாணவர்கள். மெதுவாக நடந்தது, கூட்டம் அதிகம், முடிவு குறைவு என்ற புகார்கள் வந்தன. 2003 சட்டம் அதைத் தலைகீழாக்கியது. வெளியாட்கள் பெரும்பான்மையாக உள்ள வாரியம் மேலே, அந்த வாரியம் தலைவரை நியமிக்கும், தலைவர் புல முதல்வரை நியமிப்பார், புல முதல்வர் துறைத் தலைவரை நியமிப்பார். பிறகு 2007இல் 12 பல்கலைக்கழகங்களை இணைத்து எட்டாக்கினார்கள். ஆசிரியர் அவை இன்னும் இருக்கிறது. பட்டம் வழங்கும், ஆலோசனை சொல்லும். ஆலோசனையைக் கேட்பதும் கேட்காததும் தலைவர் விருப்பம்.

பணமும் நிர்வாகமும் இங்கே ஒழுங்காக இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஆனால் ஒரு துறையை மூடுவது, ஆட்குறைப்பு செய்வது என்று வரும்போது அந்தத் துறையின் ஆட்களுக்கு அது செய்தியாகத்தான் தெரிய வருகிறது. ஜப்பானிலும் இதே திசை. அங்கே பேராசிரியர் அவைதான் துறையின் நெடுநாள் பலம். 2014இல் சட்டத்தைத் திருத்தி, 2015 ஏப்ரலிலிருந்து அந்த அவை தலைவருக்குக் கருத்துச் சொல்லும் அமைப்பு மட்டுமே என்றாக்கினார்கள். பிரிட்டனில் 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம் நிரந்தரப் பணி உரிமையையே எடுத்தது.

விதிவிலக்கும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் துணைவேந்தரே 2006இல் வெளியாட்கள் பெரும்பான்மையுள்ள வாரியம் வேண்டும் என்று கொண்டுவந்தார். அங்கே ஆசிரியர்கள் எல்லாரும் உறுப்பினர்களாக உள்ள காங்கிரகேஷன் அவை அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. சட்டப்படி அந்த அவைக்கு மறுக்கும் உரிமை இருந்தது, ஆட்களும் வந்து வாக்களித்தார்கள். இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் நடந்தது.

புதிய கல்விக் கொள்கை 2020இல் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் ஆளுகை வாரியம் என்று இருக்கிறதே, அதைப் படித்தபோது எனக்கு டென்மார்க்கின் 2003 சட்டம்தான் நினைவுக்கு வந்தது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே நிரந்தர வேலையில் இருப்பவர் பலர், சங்கத்துக்குப் பேரம் பேசும் சட்ட உரிமை உண்டு. அந்தப் பிடிமானம் இல்லாத இடத்தில் அதே சட்டம் இன்னும் கடுமையாக விழும்.


பழைய செக்‌ஷன் ஆபீசர்

பல்கலைக்கழக அலுவலகத்தில் கூட்டக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கூட்டப் பொருள் தடிமனான கட்டாக வரும். பாதிப் பேர் பிரித்திருக்க மாட்டார்கள். ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்று வரிசையாக ஓடும். ஒருவர் எழுந்து, இந்த இணைப்பில் இருக்கும் கட்டணம் போன வருடத்தைவிட ஏன் கூடியது என்று கேட்டால் அந்தப் பொருள் ஒத்திவைக்கப்படும். அதிகாரிகள் அந்த ஒருவருக்குத்தான் பயப்படுவார்கள், அவரது மாறுபட்ட கருத்தைக் குறிப்பில் ஏற்றச் சொல்லிக் கேட்டால் இன்னும் பயப்படுவார்கள், ஏனென்றால் பின்னால் தணிக்கையிலும் வழக்கிலும் அது வரும். இப்போது அவசரம் என்று சொல்லி முதலில் துணைவேந்தர் உத்தரவு, பிறகு அவையில் பின்னேற்பு என்ற வழக்கம் கூடிவிட்டது. அவசர அதிகாரம் சட்டத்திலேயே உள்ளதுதான். ஆனால் வழக்கமான காரியத்துக்கெல்லாம் அதை எடுக்கும்போது அவை கூடுவதற்கு முன்பே முடிவு நடந்து முடிந்திருக்கும். ஆசிரியர் செல்வாக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பின்னேற்புப் பட்டியலின் நீளத்தைப் பாருங்கள், அது போதும்.


கொக்கிரகுளம் வியாபாரி

டென்மார்க் தம்பி சொன்னதும், கடையத்துப் பிள்ள சொன்னதும் யோசிக்க வைக்குது. எம் மவளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவ ஒரு கௌரவ விரிவுரையாளர்தான், அவிய இல்லன்னா பிள்ள தேறியிருக்க மாட்டா. அவியளுக்குப் போர்டுல இடம் இல்லங்கது இன்னைக்குத்தான் தெரியுது.

ஆனாலும் என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. அதிகாரம் திரும்ப ஆசிரியர் கைக்கு வந்தா, பழைய மாதிரி போர்டு மெம்பரு புத்தகமே பாடமா வராதுன்னு யாரு பொறுப்பு?


சவேரியார் பழைய மாணவி

அண்ணாச்சி, அதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. முன்னாள் மாணவருக்கும் தொழில் துறைக்கும் வெளி வல்லுநருக்கும் இடம் வைத்ததே அதற்காகத்தான். அந்த மூன்று இடத்திலும் தலையாட்டுகிறவரைப் போடாமல் கேட்கிறவரைப் போட வேண்டும். கூட்டக் குறிப்பைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றினால் எந்தப் புத்தகம் யார் சொல்லி வந்தது என்று நீங்களே பார்க்கலாம். டெல்லியில் இருப்பவருக்கு உங்கள் மகள் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று தெரியாது. பாளையங்கோட்டையில் இருக்கும் ஆசிரியரை நீங்கள் நேரில் போய்க் கேட்கலாம். கண்ணுக்கெட்டும் தூரத்தில் அதிகாரம் இருப்பதுதான் பெற்றோருக்கும் நல்லது.


சங்கத் தோழர், தூத்துக்குடி

அவைகளில் இடம் சுருங்கியது உண்மை. ஆனால் ஆசிரியர் சொல் எடுபட்ட சமீபத்து நிகழ்ச்சி ஒன்றை யாரும் சொல்லவில்லையே.

2025 அக்டோபர் 17 அன்று தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகள், அரசு உதவிபெறும் கல்லூரிகளும் சேர்த்து, தனியார் பல்கலைக்கழகமாக மாறலாம் என்றது. முன்பு 100 ஏக்கர் வேண்டும் என்று இருந்ததை மாநகராட்சி எல்லைக்குள் 25 ஏக்கர் போதும் என்றது. நெல்லையை நினைத்துப் பாருங்கள். சவேரியார், யோவான், சாராள் தக்கர், ம.தி.தா. இந்துக் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா என்று நம்ம வீட்டுப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் படிக்கும் இடமெல்லாம் அரசு உதவியில் நிற்பவை. எந்தக் கல்லூரி மாறும், எது மாறாது என்பது வேறு பேச்சு. மாறலாம் என்று கதவைத் திறந்தால் இடஒதுக்கீடு, கட்டணம், பணிப் பாதுகாப்பு மூன்றும் கேள்விக்குறி.

கல்லூரி ஆசிரியர் சங்கங்களான மூட்டாவும் ஏயூடியும் வாயிலில் நின்றன. மாணவர் அமைப்புகள் வந்தன, கட்சிகள் பேசின. கொஞ்ச நாளிலேயே மசோதாவை மறுபரிசீலனை செய்கிறோம் என்று அரசே சொன்னது. சிண்டிகேட்டிலோ செனட்டிலோ இதைப் பற்றி ஆசிரியரிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. தெருவில் நின்றுதான் கேட்க வைத்தோம். நிரந்தர ஆசிரியர்கள் இருந்ததால்தான் நிற்க முடிந்தது, கடையத்துச் சகோதரி சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். இன்னும் பத்தாண்டில் எங்கள் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டால் வாயிலில் நிற்க யார் இருப்பார்கள்?

எங்கள் சங்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கௌரவ விரிவுரையாளரையும் சுயநிதிப் பிரிவு ஆசிரியரையும் முழு உறுப்பினராக, வாக்குரிமையோடு சேர்க்காத எந்த ஆசிரியர் சங்கமும் பாதி ஆசிரியருக்காகத்தான் பேசுகிறது.


கடையம் தமிழ்

நன்றி தோழர். அந்தக் கடைசி வரியை உங்கள் மாநாட்டுத் தீர்மானத்திலும் பார்க்க ஆசை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. துறைக்கூட்டத்தில் பங்கெடுத்தால் குறிப்பேட்டில் எங்கள் பேரும் நாங்கள் சொன்னதும் பதிவாக வேண்டும். பாடத்திட்டக் குழுவில் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு இடம் வேண்டும். பாடத்தைக் கையில் வைத்திருப்பது நாங்கள், எந்த அலகு மாணவர்களுக்கு ஏறவில்லை என்று எங்களுக்குத்தான் தெரியும். இது எதற்கும் அரசாணை தேவையா, துறைத் தலைவரே செய்யலாமா? அப்புறம், எங்கள் பாடத்துக்குப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று எங்கே தெரிந்துகொள்வது? கேட்டால் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.


பேட்டை வாத்தியார்

அம்மா, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: துறைக்கூட்டக் குறிப்பில் பெயரும் கருத்தும் பதிவு செய்வதைத் தடுக்கும் விதி எதுவும் நான் பார்த்ததில்லை. தலைவர் நல்லவர் என்று நீங்களே சொன்னீர்கள், அவரிடம் எழுத்தில் கேளுங்கள். பாடத்திட்டக் குழுவில் இடம் என்பது பல்கலைக்கழக அளவில் முடிவாக வேண்டியது. அதை நம்ம தூத்துக்குடித் தோழர் போன்றவர்கள் செனட்டில் தீர்மானமாகக் கொண்டுவரட்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பழைய செக்‌ஷன் ஆபீசர் இன்னும் நன்றாகச் சொல்வார்.


பழைய செக்‌ஷன் ஆபீசர்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(b)இல் எட்டாவது உட்பிரிவைப் பாருங்கள். ஒரு பொது அமைப்பு தன்னிடம் உள்ள வாரியங்கள், குழுக்களின் விவரத்தையும், அவற்றின் கூட்டங்களோ குறிப்புகளோ பொதுமக்களுக்குத் திறந்தவையா என்பதையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். இணையதளத்தில் இல்லையென்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. பதிலுக்கு 30 நாள்.

மனுவில் மூன்றே விஷயம் கேளுங்கள். உங்கள் பாடத்தின் குழு உறுப்பினர் பட்டியல், நியமன நாளோடு. கடைசியாக நடந்த கூட்டத்தின் குறிப்பு நகல். கடந்த ஆண்டில் துணைவேந்தர் உத்தரவாகப் போய்ப் பிறகு பின்னேற்புக்கு வந்த பொருள்களின் பட்டியல். கருத்தோ காரணமோ கேட்காதீர்கள், ஆவண நகல் மட்டும். ‘ஏன்’ என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

கௌரவ விரிவுரையாளர் பெயரில் போட வேண்டாம். கொக்கிரகுளத்து அண்ணாச்சி பெற்றோர் என்ற முறையில் போடலாமே, மனு எழுத நான் உதவுகிறேன்.


கொக்கிரகுளம் வியாபாரி

போட்டுருவோம். திங்கக்கிழமை காலையில கடைக்கு வாங்க, எழுதிரலாம். பதில் வந்ததும் இங்கயே ஏத்துதேன்.